மாற்று மூட்டு வைத்த காலில் எலும்பு முறிந்தால்

"உள்ளே இரும்பு வச்சிருக்கு, அந்தக் கால் இனி ஒடியவே ஒடியாது" என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. இடுப்பிலோ முழங்காலிலோ மாற்று மூட்டு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியால் வந்த அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் ஆறுதலுக்காகச் சொல்வது அது. ஆறுதலுக்குச் சரி. ஆனால் இரும்பு ஒடியாவிட்டாலும், அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு ஒடியும். அப்படி ஒடிந்தால் அதை மற்ற முறிவுகளைப் போலப் பார்க்கக் கூடாது. வைத்தியம் வேறு, தூக்கிப் போகும் விதம் வேறு, கையில் கொண்டுபோக வேண்டிய கடதாசிகளும் வேறு.

பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. மாற்று மூட்டு வைத்த நூறு பேரில் சிலருக்குத்தான் இந்த முறிவு வருகிறது. ஆனால் முன்பு அறுபது வயதில் மூட்டு மாற்றியவர்கள் இன்று எண்பது வயதையும் தாண்டி இருக்கிறார்கள். மூட்டுக்கும் வயதாகிறது, எலும்புக்கும் வயதாகிறது. ஆகவே இப்படி விழுந்து வருகிறவர்களின் தொகை உலகம் முழுக்கக் கூடிக்கொண்டே போகிறது. நமது தோட்டங்களிலும் கூடத்தான் செய்யும்.

உள்ளே இருப்பது என்ன?

தொடை எலும்பின் மேல்நுனி ஒரு பந்து போல இருக்கும். அது இடுப்பு எலும்பிலுள்ள ஒரு கிண்ணத்துக்குள் உருளும். வயதானவர்கள் கானுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தால், பெரும்பாலும் அந்தப் பந்துக்குக் கீழேயுள்ள கழுத்துப் பகுதிதான் ஒடிகிறது. அப்போது டொக்டர்மார் ஒடிந்த பந்தை எடுத்துவிட்டு ஓர் உலோகப் பந்தை வைப்பார்கள். அந்தப் பந்துக்குக் கீழே ஒரு நீண்ட தண்டு இருக்கும். அந்தத் தண்டைத் தொடை எலும்பின் நடுத் துவாரத்துக்குள் இறக்கிவிடுவார்கள். பந்தை மட்டும் மாற்றுவது பாதி மாற்று. கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுவது முழு மாற்று.

பாதி மாற்றுக்கு நமது நாட்டிலும் இந்தியாவிலும் நெடுங்காலமாகப் பாவிக்கப்பட்டு வருவது 'ஒஸ்டின் மூர்' என்ற வகை. அமெரிக்காவில் ஒஸ்டின் மூர் என்ற டொக்டர், போல்மன் என்ற இன்னொரு டொக்டருடன் சேர்ந்து 1940இல் முதல் உலோக இடுப்பை ஒரு நோயாளிக்கு வைத்தார். பின்னர் அவர் செய்த தண்டில் துவாரங்கள் இருக்கும். அந்தத் துவாரங்களுக்குள்ளே எலும்பு வளர்ந்து இறுகிக்கொள்ளும். முழு மாற்றை நம்பத்தகுந்த வைத்தியமாக்கியவர் இங்கிலாந்தின் ஜோன் சார்ன்லி. ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் 1962இல் அவர் உலோகப் பந்தையும் உறுதியான பிளாஸ்டிக் கிண்ணத்தையும் சேர்த்து வைத்தார். தண்டு ஆடாமலிருக்க, பல் டொக்டர்மார் பாவிக்கும் பசை போன்ற ஒரு சீமெந்தை எலும்புக்குள் நிரப்பினார். இன்றும் சிலருக்குச் சீமெந்துடனும் சிலருக்குச் சீமெந்து இல்லாமலும் வைக்கிறார்கள். யாருக்கு எது வைத்தார்கள் என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். அப்படியல்ல என்பது பிறகு விளங்கும்.

முழங்கால் மாற்றில் தொடை எலும்பின் கீழ்நுனிக்கு ஓர் உலோக மூடி, கீழ்க்கால் எலும்பின் தலைக்கு ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக். இந்தியப் பிரதமராக இருந்த வாஜ்பாய் 2000, 2001ஆம் ஆண்டுகளில் மும்பையில் தமது இரண்டு முழங்கால்களையும் மாற்றிக்கொண்டது பலருக்கு ஞாபகமிருக்கும். அதன் பிறகுதான் நம்மவர்களில் பலர் முழங்காலையும் மாற்றலாம் என்று கேள்விப்பட்டார்கள்.

இப்போது ஒரு கவ்வாத்துக் கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தியின் வால் மரப்பிடிக்குள் இறங்கியிருக்கிறது. அந்த வால்தான் மூட்டின் தண்டு. மரப்பிடிதான் உங்கள் எலும்பு. பிடி வெடித்துவிட்டால் நீங்கள் முதலில் என்ன பார்ப்பீர்கள்? கத்தியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பீர்கள். வால் இன்னும் இறுக்கமாக இருந்தால், வெடித்த இடத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் போதும். வால் கடகடவென்று ஆடினால், எவ்வளவு கம்பி சுற்றினாலும் அந்தக் கத்தி வேலைக்கு ஆகாது. பிடியையே மாற்ற வேண்டும், அல்லது நீளமான வால் போட வேண்டும். டொக்டர்மார் பார்ப்பதும் இதையேதான்.

தண்டு இறுக்கமா, ஆடுகிறதா?

கனடாவின் வான்கூவர் நகரத்து டொக்டர்கள் இருவர் 1995இல் இந்த முறிவுகளை வகுத்து எழுதினார்கள். இன்று கொழும்பிலும் மட்டக்களப்பிலும் சென்னையிலும் எலும்பு டொக்டர்மார் பேசிக்கொள்வது அந்த வகுப்பு முறையில்தான். வாட்டில் "பி வன்", "பி டூ" என்று அவர்கள் தமக்குள் சொல்வது காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம். கருத்து இதுதான்.

தண்டுக்கு மேலே, தொடை எலும்பின் தோள் போலத் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு துண்டு பிரிந்தால் அது 'ஏ'. பெரும்பாலும் ஒபரேசன் வேண்டாம். ஊன்றுகோலுடன் கவனமாக நடந்தால் சேர்ந்துவிடும்.

தண்டு இருக்கும் இடத்திலோ அதன் நுனியிலோ முறிந்தால் அது 'பி'. அதிகமாக வருவதும் அதிகம் யோசிக்க வைப்பதும் இதுதான். காரணம் கஷ்டமானதல்ல. உலோகம் முடிந்து வெறும் எலும்பு தொடங்கும் இடத்தில் விசை எல்லாம் ஒரே புள்ளியில் குவிகிறது. வேலிக்கு நட்ட கம்பு மண்மட்டத்தில் ஒடிவதைக் கண்டிருப்பீர்கள். அதே கதைதான்.

இந்த 'பி' வகைக்குள்ளே மூன்று நிலை. தண்டு இறுக்கமாக இருந்தால் ஒன்று. தண்டு ஆடுகிறது, ஆனால் எலும்பு நல்ல எலும்பு என்றால் இரண்டு. தண்டும் ஆடுகிறது, எலும்பும் கறையான் தின்ற பலகை மாதிரி மெலிந்துவிட்டது என்றால் மூன்று. தண்டுக்கு நன்றாகக் கீழே, முழங்கால் பக்கமாக முறிந்திருந்தால் அது 'சி'.

முதல் நிலையில் மூட்டைத் தொடாமல் எலும்பை மட்டும் சேர்த்துவிடலாம். தொடையின் வெளிப்பக்கமாக ஒரு நீண்ட தகடு வைப்பார்கள். முறிவுக்குக் கீழே வழமை போல ஸ்குரூ ஆணி போடலாம். மேலே அது முடியாது. எலும்பின் நடுவே தண்டு அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அங்கே முறுக்கிய உலோகக் கம்பியால் எலும்பையும் தகட்டையும் சேர்த்து, பீப்பாய்க்கு வளையம் போடுவது போல இறுக்குவார்கள். இடமிருந்தால் ஓரத்தில் குட்டி ஆணிகளும் போடுவார்கள். "இவ்வளவு நீளத்துக்கு ஏன் வெட்டினாங்க?" என்று வீட்டுக்காரர் கேட்பதுண்டு. தகடு முறிவை மட்டும் தாண்டினால் போதாது. தண்டு இருக்கும் பகுதிக்கு மேலேயும் அது ஏறியிருக்க வேண்டும். தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே வெறும் எலும்பாக ஓர் இடம் விட்டால் அடுத்த தடவை அந்த இடத்திலேயே ஒடியும். 'சி' வகைக்கும் தகடுதான். அங்கேயும் இந்த விதியை மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது நிலையில் பழைய தண்டைக் கழற்றிவிட்டு, முறிவைத் தாண்டிக் கீழே நல்ல எலும்பில் போய்ப் பிடிக்கும் நீளமான புதுத் தண்டைப் போட வேண்டும். பெரிய ஒபரேசன், கூடுதல் இரத்தம், கூடுதல் நேரம். மூன்றாவது நிலை இன்னும் கடினம். சில வேளை வேறு எலும்பு வைத்து நிரப்புவார்கள். சில வேளை தொடை எலும்பின் மேல்பகுதி முழுவதையும் உலோகத்தால் மாற்றுவார்கள். இது எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்யக் கூடியதல்ல. கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றி அனுப்பினால், "இங்க கைவிட்டுட்டாங்க" என்று நினைக்கக் கூடாது.

முழங்கால் மாற்றுக்கு மேலே தொடை எலும்பு முறிந்தால் பக்கவாட்டில் தகடு வைக்கலாம். அல்லது முழங்கால் வழியாகவே உள்ளே ஒரு நீண்ட கம்பியை மேல்நோக்கி ஏற்றலாம். இந்த இரண்டாவது வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. முன்பு வைத்த உலோக மூடியின் நடுவில் கம்பி நுழையத் திறப்பு இருக்க வேண்டும். சில கம்பனிச் சாமானில் இருக்கும், சிலதில் இராது. எக்ஸ்ரேயைப் பார்த்து எப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பழைய கடதாசிதான் சொல்லும்.

கடதாசி பசறையில், ஆள் சித்தாண்டியில்

ஓர் உதாரணம் சொல்கிறேன். தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து கிழக்குப் பக்கம் கலியாணம் கட்டிப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். பேராதனையில் தொடங்கும் பெருந்தெரு நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று இறங்கி, புல்லுமலை, கரடியனாறு தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து வடக்கே திரும்பி வந்தாறுமூலை, மாவடிவேம்பு கடந்தால் சித்திர வேலாயுதர் கோவில் உள்ள சித்தாண்டி. தேயிலை மலையையும் வாவிக்கரையையும் ஒரே தெரு கட்டி வைத்திருக்கிறது.

பசறைப் பக்கத்து ஓர் அம்மாவுக்கு எட்டு வருடத்துக்கு முன் பதுளையில் இடுப்பு மூட்டு வைத்தார்கள் என்று வையுங்கள். கோவில் திருவிழாவுக்கு அவர் சித்தாண்டியில் மகள் வீட்டுக்குப் போகிறார். கிணற்றடியில் பாசி வழுக்குகிறது. விழுகிறார். தொடை வீங்குகிறது, கால் வெளிப்பக்கம் திரும்பிக் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மருமகன் 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டு எப்படியோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார். அங்கே எலும்பு டொக்டர் கேட்கும் முதல் கேள்வி: "இந்த மூட்டு எங்க வச்சது? எந்த வருஷம்? என்ன வகை? சீமெந்து போட்டதா?" மகளுக்குத் தெரியாது. அம்மா வலியில் முனகுகிறார். டயக்னோசிஸ் காட்டும் பழைய எக்ஸ்ரேயும் பசறையில், பூட்டிய காம்பராவில் பரணுக்கு மேலே.

டொக்டரால் ஒன்றும் செய்ய முடியாது என்பதல்ல. எக்ஸ்ரே எடுத்து ஊகிப்பார். ஆனால் பழைய எக்ஸ்ரே இருந்தால், அன்றைக்குத் தண்டு எங்கே நின்றது, இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தண்டு கீழே இறங்கியிருந்தால் அது ஆடுகிறது என்று தெரிந்துவிடும். ஆடும் தண்டை இறுக்கமானது என்று எண்ணித் தகடு மட்டும் போட்டுவிட்டால் அந்தத் தகடு நிலைக்காது. திரும்பவும் ஒபரேசன் மேசைக்குப் போக வேண்டும். இந்த வைத்தியத்தில் ஆகப் பெரிய பிழை இதுதான் என்று எலும்பு டொக்டர்மார் சொல்வார்கள். தண்டைக் கழற்ற வேண்டியிருந்தால், அந்த வகைக்குரிய ஆயுதங்களும் புதுத் தண்டும் முன்கூட்டியே வரவழைக்க வேண்டும். நெஞ்சைப் பிளந்து வைத்த பிறகு சாவியைத் தேடுகிற கதை ஆகிவிடக் கூடாது.

ஆகவே மாற்று மூட்டு வைத்தவர் உள்ள வீட்டில் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, மூட்டின் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் (அதில் கம்பனி, அளவு, இலக்கம் எல்லாம் இருக்கும்), ஒபரேசனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே — இவற்றைப் போனில் படம் எடுங்கள். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு எடுத்தால் போதும். தூரத்திலிருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். ஸ்டிக்கர் தரவில்லையென்றால் அடுத்த கிளினிக்கில், "என்ன மூட்டு வச்சிருக்கு, சீமெந்து உண்டா, கொஞ்சம் எழுதித் தாங்க" என்று கேளுங்கள். அது உங்கள் உடம்புக்குள் இருக்கும் சாமான். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. புரியாத எழுத்தில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை விளக்காமல் அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது எனக்கு உடன்பாடில்லை. எக்ஸ்ரே படத்தை மலைநாட்டு ஈரத்தில் சுவரோரம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பொலித்தீன் பையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். சூரிய கிரகணம் பார்க்கப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு ஓடவும் விடாதீர்கள். படமும் கெடும், கண்ணும் கெடும்.

எக்ஸ்ரே எடுக்கும்போது இன்னொன்று. வலிக்கும் இடத்தை மட்டும் எடுத்தால் போதாது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழுத் தொடையும் தெரிய வேண்டும். சிறிய ஆஸ்பத்திரிக்கு முதலில் போனால், "ஐயா, இந்தக் காலில் மாற்று மூட்டு இருக்கு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

விழுந்த இடத்தில்

விழுந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். நம்மவர்களுக்கு முதலில் வரும் யோசனையே அதுதான். காலை இழுத்து நேராக்கவும் வேண்டாம். மூட்டு நழுவியிருக்கிறதா எலும்பு முறிந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இழுத்தால் முறிந்த முனை நரம்பையோ இரத்தக் குழாயையோ கிழிக்கக் கூடும். கால் கிடக்கும் விதமாகவே, இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை அல்லது மடித்த கம்பளியை வைத்து, நல்ல காலோடு சேர்த்து மூன்று நான்கு இடத்தில் துணியால் கட்டுங்கள். முறிவின் மேலேயே முடிச்சு வரக் கூடாது. விரல்கள் தெரிய விட்டு, சூடாக இருக்கிறதா, தொட்டால் உணர்கிறாரா என்று இடைக்கிடை பாருங்கள். விரல் நீலம் பாய்ந்தால் கட்டு இறுக்கம்.

மலை உச்சி லயமாக இருந்தால் இரண்டு கம்பு, இரண்டு கொழுந்துச் சாக்கு, ஸ்ட்ரெச்சர் தயார். திரீவீலரில் உட்கார வைத்து மடக்கிக்கொண்டு போவது கூடவே கூடாது. 1990 இலவசச் சேவை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. அம்புலன்ஸ் ஏற முடியாத பாதையானால் பெருந்தெரு வரை லொறியில் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். தோட்ட டிஸ்பென்சரிக்கும் ஆள் அனுப்புங்கள். பிளேன்டி, சாப்பாடு ஒன்றும் கொடுக்க வேண்டாம். சீனி வருத்த மருந்தோ இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ பாவிப்பவரானால் அந்தக் குளிசைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

முறிவு நெரிவு பார்க்கும் பரியாரிமாரிடம் நமது ஆட்களுக்கு நம்பிக்கை அதிகம். மலைநாட்டிலும் மட்டக்களப்பிலும் கைராசிக்காரர் இருக்கிறார்கள். பிள்ளையின் மணிக்கட்டு முறிவு அவர்கள் கையில் சுகமானதைக் கண்டவர்கள் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மாற்று மூட்டுக் கால் அவர்கள் வேலையல்ல. பத்தும் மூங்கில் பட்டையும் வைத்துக் கட்டினால் உள்ளே ஆடும் தண்டு இறுகாது. தடவி உருவினால் முறிவு விலகும். தோலில் கொப்புளம் வந்தால், அது ஆறும்வரை ஒபரேசனும் தள்ளிப் போகும். நாட்கள் போனால் என்ன ஆகும் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

படுக்கைதான் எதிரி

"வயசானவங்க, எதுக்கு வெட்டணும்? படுக்க வச்சே ஆற விடுவோம்" என்று சொல்லும் பிள்ளைகள் பாசத்தினால்தான் அப்படிச் சொல்கிறார்கள். முன்பு காலில் பாரம் கட்டி மாதக் கணக்கில் படுக்க வைத்தும் பார்த்தார்கள். எலும்பு சேராமலும் கோணலாகச் சேர்ந்தும் போனது ஒரு பக்கம். மறுபக்கம், முதுகில் படுக்கைப் புண், நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. எழுபது எண்பது வயதில் உயிரைக் கொண்டுபோவது முறிவல்ல, இவைதான். இந்த முறிவு கண்டவர்களில் பத்தில் ஒருவர் அளவில் ஒரு வருடத்துக்குள் இறந்து போனதாகவும், ஒபரேசன் இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப் போனவர்களுக்கு ஆபத்துக் கூடுதலாக இருந்ததாகவும் வெளிநாட்டு ஆய்வு ஒன்று சொன்னது. வயதான ஒருவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி உட்கார வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. அதற்காகத்தான் ஒபரேசன்.

ஆனாலும் வந்த இரவே வெட்ட மாட்டார்கள். இருதயம், சீனி, இரத்த அளவு பார்க்க வேண்டும். பழைய மூட்டில் கிருமி இருக்கிறதா என்று இரத்தம் சோதிப்பார்கள். கிருமி இருந்தால் கதையே வேறு. சாமானைக் கழற்றி, கிருமியைப் போக்கி, பிறகு இன்னொரு ஒபரேசனில் புது மூட்டு வைக்க வேண்டி வரலாம். பழைய வெட்டுக் காயத்தில் எப்போதாவது நீர் வடிந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். காத்திருக்கும் நாட்களில் காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தால், "பாவம், அம்மாவுக்கு நோகுது" என்று அதைக் கழற்றி வைக்காதீர்கள். அது வலியைக் குறைக்கத்தான். பக்கத்தில் நிற்பவர் செய்யக் கூடியது வேறு: பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், ஆழமாக மூச்சு இழுக்க வையுங்கள், நேர்ஸிடம் கேட்டுப் புரட்டிப் படுக்க வையுங்கள்.

ஒபரேசன் முடிந்து அடுத்த நாளே கட்டிலில் உட்கார வைப்பார்கள். நடப்பது டொக்டர் சொல்லும் அளவுக்குத்தான். சிலருக்கு உடனே காலை ஊன்றலாம். சிலருக்கு ஆறு தொடக்கம் பன்னிரண்டு கிழமை வரை கால் விரல் தரையில் பட்டால் போதும், பாரம் போடக் கூடாது. எலும்பு சேர மூன்று நான்கு மாதம், சிலருக்கு அதற்கு மேலும். இந்த இடைவெளியில் வீடுதான் பிரச்சினை. பாயில் படுப்பது, குந்துவது, தூரத்துக் கக்கூசுக்கு இருட்டில் படி இறங்குவது மூன்றும் ஆகாது. உயரமான கட்டில் ஒன்று வேண்டும். இல்லையென்றால் உள்ள கட்டிலின் காலுக்குக் கல் வைத்து உயர்த்துங்கள். பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, கீழே வாளி வைத்தால் கக்கூசுக் கதிரை. சித்தாண்டி போல மணல் முற்றம் உள்ள ஊரில் வோக்கர் கால் புதையும். வாசலிலிருந்து கிணற்றடி வரை பலகை போட்டுக் கொடுங்கள். பீடி, சுருட்டு எலும்பு சேர்வதைத் தாமதிக்கும். முட்டை, பருப்பு, நெத்தலி, குரக்கன், முருங்கையிலை. இதில் எது கிடைத்தாலும் தினமும் கொடுங்கள்.

ஒடிவதற்கு முன்னே

பல முறிவுகள் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. வருடக் கணக்கில் பிளாஸ்டிக் தேய்ந்து வரும் தூசியைத் தின்னப் போகும் உடம்பின் அணுக்கள், பக்கத்து எலும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். தண்டு மெல்ல இளகும். அதன் அடையாளம் தொடை வலி. கதிரையிலிருந்து எழுந்து முதல் நான்கு எட்டு வைக்கும்போது சுள்ளென்று நொந்து, நடக்க நடக்கக் குறைகிற வலி. "வாதம்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் கிளினிக்கில் சொல்லி ஓர் எக்ஸ்ரே எடுங்கள். இளகிய தண்டை ஒடியும் முன்னே மாற்றுவது, ஒடிந்த பின் மாற்றுவதைவிட லேசு. வலியே இல்லாவிட்டாலும் இடைக்கிடை கிளினிக் போவதை நிறுத்த வேண்டாம்.

கழுத்தெலும்பு ஒடிந்து மூட்டு வைத்த அம்மாமாரில் பலருக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். அதற்கு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். கிழமைக்கு ஒரு முறை குடிக்கும் குளிசை தந்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீருடன் குடித்துவிட்டு, அரை மணி நேரம் படுக்காமலும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும். படுத்தால் தொண்டைக் குழாய் புண்ணாகும்.

ஓய்வு எடுத்த பிறகும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் திட்டினாலும் போவார்கள். வீட்டு நிலைமை அப்படி. மூட்டு வைத்த காலுடன் சரிவான மலை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. போகத்தான் வேண்டுமென்றால் வழுக்காத செருப்பு, மழை நாளில் வேலை இல்லை, சமமான பத்தி கேட்டு வாங்குவது. வேலையில் விழுந்தால் அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே நமது நாட்டில் சட்டம் இருக்கிறது. எழுத்தில் இல்லாத விபத்தைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

செலவைப் பற்றி. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒபரேசனுக்குக் காசில்லை. ஆனால் நீளத் தண்டு, விசேஷத் தகடு போன்ற சாமானை வெளியே வாங்கித் தரச் சொல்லும் நிலைமை வருவதுண்டு. உடனே நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். ஆஸ்பத்திரியில் வேறு வழி உண்டா என்று முதலில் வாட்டு டொக்டரிடம் கேளுங்கள். 1978இல் தொடங்கிய ஜனாதிபதி நிதியம் வசதி குறைந்தவர்களின் சத்திர சிகிச்சைக்கு உதவி செய்கிறது. உங்களுக்குத் தேவையானது அதில் அடங்குமா, என்னென்ன கடதாசி வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். டொக்டரின் கையெழுத்துடன் சாமானின் பெயரும் விலையும் எழுதிய கடிதம், அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் வருமானக் கடிதம் ஆகியவற்றை நோயாளி வாட்டில் இருக்கும்போதே சேர்க்கத் தொடங்குங்கள். அம்மா மட்டக்களப்பில் படுத்திருக்க, கிராம சேவகர் பசறையில் இருப்பார். வீட்டில் ஓர் ஆள் இதற்கென்றே ஓட வேண்டியிருக்கும்.